பிரித்த ட்வீட்டரும் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெயும்

"ட்வீட்டரைப் பிரித்து ஏதோ வேலை செய்தாயே, நானும் செய்து பார்க்கட்டுமா?" என்று நண்பன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. ஸ்பீக்கரில் உயர்ந்த சத்தங்களைத் தருகிற சின்ன ஒலிப்பான்தான் ட்வீட்டர். என் இடது பக்க ட்வீட்டர் அப்போதுதான் மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

வழக்கமான 25 மி.மீ. பட்டு டோம், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் சின்னக் குவிமாடம். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கிருந்த குறை ஒன்றுதான்: சத்தத்தைக் கூட்டி வைத்தால், பாடகி மேலே போகும்போது குரலின் ஓரம் லேசாகக் கிழியும். இதற்காகப் பின்னாலிருந்த சின்ன அறையில் கம்பளி இழை அடைத்தேன். காந்த இடைவெளியிலிருந்த ஃபெர்ரோஃப்ளூயிடை, அதாவது காந்தத்தில் ஒட்டும் கறுப்பு எண்ணெயை, துடைத்துப் புதிதாக விட்டேன். தாழ்ந்த சத்தத்தைப் பெரிய ஒலிப்பானான வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்றான க்ராஸோவரையும் மாற்றினேன்.

கம்பளி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இம்பீடன்ஸ் கோட்டில் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடையின் வரைகோடு) துருத்திக்கொண்டிருந்த ஒரு சின்ன முண்டு மறைந்தது, அவ்வளவுதான்.

க்ராஸோவர் கதை வேறு. அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், எடுக்க வேண்டுமென்றால் டோம் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். டோமை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் இடைவெளியின் சீரான காந்தப்புலத்தைத் தாண்டிப் போவதும், டோமின் விளிம்பு இழுபடுவதும் அங்கேதான். டிஸ்டார்ஷன் என்கிற ஒலிச் சிதைவு பிறக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். 2 கிலோஹெர்ட்ஸில் இருந்த வெட்டை, அதாவது ட்வீட்டர் பொறுப்பேற்கும் இடத்தை, 2.8-க்கு ஏற்றினேன். ஏறியது அரை ஆக்டேவ்தான், ஆனால் வெட்டும் இடத்தில் ஆட்டம் பாதியாகிவிட்டது. வெட்டுக்குக் கீழே சத்தம் குறையும் சரிவையும் ஆக்டேவுக்கு 12 டெசிபலிலிருந்து 24 ஆக்கினேன். 12 என்றால் வெட்டுக்குக் கீழே ஆட்டம் குறையாமல் அப்படியே நிற்கும். 24 என்றால்தான் இறங்கும். குரல் கிழிவது அன்றோடு நின்றது. மூன்று வருடமாக அந்தச் சுகத்தில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வூஃபர் கொஞ்சம் கூடுதல் மேலே போக வேண்டியிருப்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் குரல் சற்று மங்குகிறது. நான் பக்கவாட்டில் உட்காருவதில்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், இத்தனை பலன் தந்த வேலைக்கு ட்வீட்டரைத் தொடவே தேவையில்லை. தொட்டதால் வந்து சேர்ந்தது அந்தக் கறுப்பு எண்ணெய்.

ஃபெர்ரோஃப்ளூயிடைத் திட்டுவதற்கு முன்னால் அதன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காயிலின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது அது. டோம் தானாகவே அதிகம் ஆடும் ஒத்ததிர்வில் இம்பீடன்ஸில் எழும் மேட்டைத் தட்டையாக்கி க்ராஸோவரின் வேலையைச் சுலபமாக்குவதும் அதுதான். நாசாவில் ஸ்டீவ் பாபெல் 1963-இல் இதை உருவாக்கியபோது நோக்கம், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பது. ராக்கெட்டில் என்ன ஆனதோ, என் டோமுக்கு அடியில் அது தார் ஆகிவிட்டது.

ஆறு மாதமாகப் பாடகி நடுவில் நிற்காமல் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தார். அறை, ஆம்ப், என் காது என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் இம்பீடன்ஸ் அளந்தால் இரண்டு கோடுகளும் பொருந்தவில்லை. வலதில் மிதமாக எழும் மேடு இடதில் நசுங்கிக் கிடந்தது. எண்ணெய் கெட்டியாகிக் காயிலைப் பிடித்து வைத்திருந்தது. தப்பு என்மேல்தான். ஸ்பீக்கருக்கென்று உள்ளதைத் தேடாமல், கண்ணாடிக் குப்பியில் வேடிக்கை காட்டும் ரகத்தை விட்டிருந்தேன். சீக்கிரம் உலர்ந்துபோகும் ரகம் அது.

சுத்தம் செய்வது தியானம் மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மை ஒற்றும் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி, இடைவெளிக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும், கறை வராத வரைக்கும். இரும்புத் துகள் இருந்தால் ஒட்டும் டேப்பால்தான் எடுக்க முடியும். இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. காந்தம் வெடுக்கென்று இழுக்கும், முனை டோமில்தான் போய்க் குத்தும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அப்புறம் புது எண்ணெய். மைக்ரோலிட்டர் கணக்கு. ஒரு சொட்டு கூடினால் காயில் வழியாக ஏறி டோமை நனைத்துவிடும். கடைசியில் காயிலை நடுவில் நிறுத்துவது. மெதுவாகப் பன்னிரண்டு தடவை திருப்பி வைத்தேன், பதின்மூன்றாவதில்தான் உரசல் நின்றது.

இப்போது குரல் நடுவுக்கு வந்துவிட்டது. நேற்று ராத்திரி வயலின் கேட்டபோது வில் கம்பியைத் தொடும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. புதிதாக வாங்கின ஸ்பீக்கரில்கூட இப்படி நான் கேட்டதில்லை.

நண்பனிடம், "வேண்டாம், க்ராஸோவரோடு நிறுத்திக்கொள், ட்வீட்டரில் கை வைக்காதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வலது பக்கத்தைப் பிரிக்கிறேன். அதிலும் அதே குப்பி எண்ணெய்தானே இருக்கிறது.