கூகுள் டாக்ஸா, பேட்லெட்டா? ஜெர்மன் வகுப்புக்கு எது?

கல்லூரியில் ஜெர்மன் கட்டுரையைக் குழுவாக எழுத என் ஓட்டு கூகுள் டாக்ஸுக்குத்தான். ஒரே கோப்பை ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம். குழுவுக்கு நாலு பேர் போதும், அதற்கு மேல் போனால் சந்தைக்கடை. 'பேருந்தில்' என்பதற்கு ஒருவர் 'மிட் டென் புஸ்' என்று எழுதுவார், இன்னொருவர் பரிந்துரை முறையில் (மூலத்தை அழிக்காமல் திருத்தம் சொல்லும் வசதி) 'டென்'னை 'டெம்' ஆக்குவார். 'மிட்' என்ற சொல் வந்தால் அடுத்து டேட்டிவ் வேற்றுமைதானே என்று ஓரத்தில் வாக்குவாதம் தொடங்கும். இலக்கணம் மனதில் நிற்பது அந்தச் சண்டையில்தான். யார் எதை மாற்றினார் என்பதைப் பதிப்பு வரலாறு காட்டிவிடுவதால் ஓசியில் மதிப்பெண் வாங்குவதும் கஷ்டம்.

பேட்லெட் வேறு ரகம், அது ஓர் இணையப் பலகை. சுவரில் சீட்டு ஒட்டுவதுபோல ஆளுக்கொரு பதிவு. குரலையும் பதிந்து போடலாம். பெயர் காட்டாமல் எழுத வழி இருப்பதால் கூச்சக்காரர்களும் வாய் திறக்கிறார்கள். ஆனால் சேர்ந்து ஒரு பத்தியைச் செதுக்க அது தோதுப்படாது. முதல் வாரத்து அறிமுகப் பேச்சுக்குச் சரி.