சென்னை வீட்டுக்கு எந்த ஈஸ்ட் ஒத்துவரும்?

மே மாதத்தில் சென்னையில் காலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மாலைக்குள் பாத்திரத்தை மீறி வழிந்துவிடும். அதே மேடையில் பிரெட்டுக்காகப் பிசைந்து வைத்த மைதாவோ மூன்று மணி நேரம் கழித்தும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். குறை வெப்பத்தில் இல்லை. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வந்துசேர்கின்றன. பிரெட்டுக்குத் தேவையான ஈஸ்ட்டை நாம்தான் கடையிலிருந்து உயிரோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, எந்த வகை அந்தப் பயணத்தைத் தாங்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பேக்கரிக்காரர்கள் பெரிதும் விரும்பும் ஃப்ரெஷ் ஈஸ்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர் இருப்பதால், ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தாலும் அது இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை. நாள்தோறும் மாவு பிசைகிறவருக்கு அது பொருந்தும். வாரம் ஒரு முறை ஒரு பிரெட் சுடுகிறவர், பாரிமுனையில் வாங்கிப் பேருந்தில் வேளச்சேரி வரை கொண்டுவருவதற்குள் அது கொழகொழத்துப் பழுப்பேறிவிடக்கூடும்.

ஆக்டிவ் டிரை ஈஸ்ட் உருண்டை உருண்டையான குருணையாக இருக்கும். உலர்த்தும்போது மடிந்த செல்கள் உயிருள்ள செல்களை மூடியிருப்பதால், வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை சர்க்கரையோடு பத்து நிமிடம் ஊறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். பலர் இதை வீண் வேலை என்கிறார்கள். எனக்கோ இதுவே அதன் தலையாய நன்மையாகத் தோன்றுகிறது. நுரை எழும்பாவிட்டால், மாவைத் தொடுவதற்கு முன்பே குறை தெரிந்துவிடுகிறது. ஆனால் சமையல் குறிப்புகளில் வரும் ‘வெந்நீர்’ குளிர்நாட்டுக் குழாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கோடை நண்பகலில் நம் மொட்டைமாடித் தொட்டி நீரே போதிய சூடாக வரும். அதையும் அடுப்பில் ஏற்றிக் கைபொறுக்காத சூட்டில் ஊற்றினால், 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் மடிந்துவிடும்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் நுண்ணிய துகள். நேராக மாவிலேயே கலக்கலாம். அளவும் குறைவு: பத்து கிராம் ஃப்ரெஷ் ஈஸ்ட்டின் இடத்தில் ஆக்டிவ் டிரை நான்கு கிராம், இன்ஸ்டன்ட் மூன்று கிராம் அளவில் போதும். காற்று நீக்கிய உறையைப் பிரிக்காதவரை அது நெடுநாள் கெடாது. சிக்கல் பிரித்த பின்புதான் தொடங்குகிறது. மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் ஒரு கடையில் வாங்கியதை நம்பி, அரைக் கிலோ மைதாவை நான் பறிகொடுத்திருக்கிறேன். அந்தப் பொட்டலம் எப்போது பிரிக்கப்பட்டது, எவ்வளவு நாள் வெயிலில் இருந்தது என்று அறிய வழியே இல்லை.

கோதுமை மாவையும் நீரையும் புளிக்கவைத்து வளர்க்கும் சார்டோ நான்காவது வழி. நம் கோடையில் அது சில மணி நேரத்திலேயே உச்சத்துக்கு வந்து புளிப்பேறிவிடுவதால், நாளொன்றுக்கு இருமுறை மாவிட்டுப் பேணும் பொறுமை உள்ளவர்களுக்கே அதைச் சொல்வேன்.

என் தேர்வு இன்ஸ்டன்ட்; ஆனால் ஆக்டிவ் டிரைக்கு உரிய சோதனையை அதற்கும் செய்துகொண்டே. உறையில் தேவையில்லை என்று அச்சிட்டிருந்தாலும், புதிய பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு கரண்டி நீரில் கரைத்துப் பார்த்துவிடுகிறேன். மீதியைக் காற்றுப் புகாத சிறு புட்டியில் ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை எடுத்த கையோடு திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த புட்டிக்குள் நொடியில் வியர்த்துவிடும். அரைக் கிலோ மைதாவுக்கு மார்கழியில் ஐந்து கிராம் போட்டால், மே மாதத்தில் மூன்று கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். உப்பு எப்போதும் பத்து கிராம். பன் போல இனிப்பு மிகுந்த மாவானால், சர்க்கரை ஈஸ்ட்டிடமிருந்து நீரை உறிஞ்சிவிடுவதால், இனிப்பு மாவுக்கென்றே விற்கும் தனி இன்ஸ்டன்ட் வகையை வாங்குவது நல்லது.

நுரை நன்றாக வந்தும் மாவு எழும்பவில்லை என்பவர்கள் பெரும்பாலும் சப்பாத்தி மாவில் பிரெட் முயல்கிறவர்கள். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதத்தின் இழைகளைத் தவிட்டுத் துகள்கள் அறுத்துவிடுவதால் உள்ளே பிறக்கும் வாயு தங்குவதில்லை. அங்கே ஈஸ்ட்டை மாற்றுவதைவிட, பாதிக்குப் பாதி மைதா கலந்து, நீரைச் சற்றுக் கூட்டிப் பிசைவதே பலன் தரும்.