ஓமெப்ரசோலுடன் ஆறு ஆண்டுகள்: தொடங்கியதும் நிறுத்தியதும்

2017 முதல் 2023 வரை, ஏறத்தாழ நாள்தோறும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் என்ற மருந்தின் 20 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றை விழுங்கியவன் என்ற முறையில் இந்த அனுபவத்தை எழுதுகிறேன். சிங்கப்பூரில் வயிற்றுக்கு எது வந்தாலும் "கேஸ்ட்ரிக்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். இரவுப் பணி முடிந்து தேக்காவில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடும் எனக்கு மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியபோது, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் இல்லை. இலேசான அழற்சியும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் இருந்தன. இரண்டு வகை ஆன்டிபயாடிக்கோடு ஓமெப்ரசோலையும் சேர்த்து 14 நாள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றான கிளாரித்ரோமைசின் வாயில் விட்டுச்சென்ற உலோகக் கசப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமியே காரணம் என்று பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பேரி மார்ஷலும் சொன்னபோது மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. மார்ஷல் 1984இல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்து, தமக்கு இரைப்பை அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி எங்கள் வீட்டு அடுப்படியை மட்டும் இன்னும் எட்டவில்லை. என் தாயார் இன்றும் மிளகாயையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்.

சிகிச்சைக்குப் பிறகு கிருமி ஒழிந்ததா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடித்துவிட்டுப் பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அதன் நொதி யூரியாவை உடைக்க, அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். ஓமெப்ரசோல் கிருமியை அடக்கிவைத்து முடிவைப் பொய்யாக்கக்கூடும் என்பதால், இரண்டு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரமும் நெஞ்செரிச்சல் முன்பைவிடக் கடுமையாக இருந்தது. கிருமி இல்லை என்று முடிவு வந்தபோதும், எரிச்சலே நோய்க்குச் சாட்சி என்று நம்பி மாத்திரையை மீண்டும் தொடங்கினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். வீட்டருகே நான் சென்றுவந்த மருந்தகத்திலும் கேட்டபோதெல்லாம் தந்தார்களே தவிர, இன்னும் தேவையா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் ஓராண்டு சாப்பாட்டுக்குப் பிறகே உட்கொண்டேன். பலன் அரைகுறையாகத்தான் இருந்தது. மருந்தாளர் ஒருவர் காரணத்தை விளக்கினார். இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தைச் சுரக்கும் புரோட்டான் பம்புகளில், அந்நேரம் இயங்கிக்கொண்டிருப்பவற்றை மட்டுமே இந்த மருந்து அடைக்கும்; அவற்றை எழுப்புவது சாப்பாடு. ஆகவே சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே விழுங்கினால்தான், சாப்பிடும்போது மருந்து இரத்தத்தில் தயாராக இருக்கும். மருந்து சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும், ஆனால் அடைபட்ட பம்ப் மீளாது. புதிய பம்ப் உருவாகும்வரை அமிலம் குறைந்தே இருக்கும். நேரத்தை மாற்றிய ஒரே வாரத்தில் இரவு உறக்கம் திரும்பியது. மருந்தின் திறனைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஐந்தாம் ஆண்டில் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் நான் சைவ உணவுக்காரன், எனவே பழி முழுவதையும் மாத்திரையின் மேல் போட மனம் வரவில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 17,598 பேரை, இதே வகை மருந்தான பேன்டோபிரசோல் கொடுத்தும் போலி மாத்திரை கொடுத்தும் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். குடல் தொற்று சற்று மிகுந்ததைத் தவிர வேறு கேடு தெளிவாகத் தென்படவில்லை. இணையத்தில் பரவும் அச்சத்தைவிட இதை நம்பலாம் என்பது என் கருத்து.

என் கண்ணைத் திறந்தது டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான இன்னோர் ஆய்வு. வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் இதே வகையைச் சேர்ந்த எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்குத்தான் வந்தன. அமிலத்தை அடக்கும்போது உடல் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. மருந்து நின்றதும் அந்தத் தூண்டுதல் அமிலத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. மூச்சுப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு வாரம் எனக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவே.

மாத்திரையை நிறுத்த விரும்புவதாக மருத்துவரிடம் சொன்னேன். அவர் பழைய திசு அறிக்கையைப் பார்த்து, குடல்திசு மாற்றம், அதாவது இரைப்பையின் உட்சுவர் குடலின் சுவர் போல மாறுவது, இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். சிங்கப்பூரில் 2004இல் தொடங்கி 2,980 சீனர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, அம்மாற்றம் தீவிரமாக இருந்தால் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுவதைக் காட்டியிருப்பதால்தான் அதைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அடுத்து மூன்று நாளுக்கு ஒன்று என்று குறைத்தோம். இடையில் எரிந்தால், அமிலம் மேலேறாமல் தடுக்கும் அல்ஜினேட் கலந்த திரவ மருந்து. மூன்றாம் வாரம் மிகக் கொடுமையாக இருந்தது. தலையணையை உயர்த்தி, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றித்தான் தாக்குப்பிடித்தேன். ஏழாம் வாரம் அடங்கியது.

என் அண்ணன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் எடுப்பவர். ஆஸ்பிரினால் இரைப்பையில் இரத்தக்கசிவு வராமல் காக்கவே அவருக்கு இதே வகை மாத்திரை தரப்பட்டிருக்கிறது. என்னைப் பார்த்துத் தானும் நிறுத்தப் போவதாகச் சொன்னவரை, மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று தடுத்துவிட்டேன். என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை இன்னும் இருக்கிறது. கடந்த தீபாவளி வாரத்தில் அதிலிருந்து நான்கு கேப்ஸ்யூல்கள் குறைந்தன. மீதி அப்படியே இருக்கிறது.