மெயிலிங் லிஸ்ட்டா, போரமா? 17 வருசம் ரெண்டையும் வச்சு ஓட்டுன அனுபவம்

நம்ம திருநெல்வேலி ஜில்லா குளங்களப் பத்தியும் அதுக்கு வார பறவைகளப் பத்தியும் பேச 2007ல ஒரு பதினஞ்சு பேரு சேந்து மெயிலிங் லிஸ்ட் ஆரம்பிச்சோம், ஒரு முகவரிக்கு மெயில் போட்டா குழுவுல உள்ள எல்லாருக்கும் போற ஏற்பாடு. ரெண்டு வாத்தியாரு, ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், நாங்குநேரிப் பக்கம் வெவசாயம் பாக்குற ஒரு அண்ணாச்சி, துபாய்ல இருக்க பையன் ஒருத்தன், இப்படி. 2012ல போரத்துக்கு, அதாவது உள்ள நொழஞ்சு படிச்சு எழுதுற வெப்சைட்டுக்கு, மாறுனோம், 2017ல திரும்ப லிஸ்ட்டுக்கே வந்துட்டோம். புதுசா குழு ஆரம்பிக்கப்போறவங்க எது நல்லதுன்னு அடிக்கடி கேக்காவ, அதான் நடந்ததச் சொல்லுதேன்.

லிஸ்ட்ல எனக்குப் பிடிச்சது, அது நம்மளத் தேடி வரும். அந்த அண்ணாச்சி வாரத்துக்கு ஒருக்க பாளையங்கோட்டைக்கு வரும்போது பிரௌசிங் சென்டர்ல மெயில் மட்டும் பாப்பாவ, வேற எதையும் தொடமாட்டாவ, ஆனா கூந்தன்குளத்துல வரித்தலை வாத்து எறங்கிட்டா, எந்தப் பக்கம் மேயுது, எத்தனை உருப்படின்னு அவ்வோ எழுதுற நாலு வரிக்கு நாங்க எல்லாரும் காத்துக் கெடப்போம்.

தொல்லையும் உண்டு. போட்டோ ஒண்ணு அஞ்சு எம்பி, அந்தக் காலத்து நெட்டுல அத எறக்கவே அரமணி நேரம் ஆவும். பூநாரைன்னு சப்ஜெக்ட் இருக்கும், உள்ள பத்து பேரு மடை ரிப்பேரப் பத்திப் பேசிட்டு இருப்பாவ. டைஜஸ்ட்ல, அதாவது ஒரு நாள் மெயில் எல்லாத்தையும் ஒரே மெயிலா, வாங்குறவங்க அதுலயே பதில் போட்டா அன்னைக்கு வந்த மொத்த மெயிலும் வாலா ஒட்டிக்கிட்டு வரும். எல்லாத்த விட மோசம் ரிப்ளை பட்டன்தான். பதில் போட்டா லிஸ்ட்டுக்கே போற மாதிரி செட்டிங் வச்சிருந்தோம், ஒருத்தரு தனியா எழுதுறதா நெனச்சு இன்னொருத்தரோட பணக்கஷ்டத்த எழுதிட்டாரு, அது அத்தனை பேருக்கும் போயிட்டு. போன மெயில திருப்பி எடுக்க வழியே கெடையாது. சம்பந்தப்பட்டவரு குழுவ விட்டே போயிட்டாரு, இப்ப நெனச்சாலும் மனசு சங்கடப்படுது. அதுக்கப்புறம் அனுப்புனவருக்கு மட்டும் பதில் போற மாதிரி மாத்துனோம், ஆறே மாசத்துல பேச்சு வத்திப்போச்சு, ஏன்னா நல்ல பதில் எல்லாம் ரெண்டு பேருக்குள்ளயே முடிஞ்சிரும்.

அதனாலதான் பிஎச்பிபிபின்னு ஒரு இலவச போரம் சாப்ட்வேர் போட்டு போரம் வச்சோம். குளத்துக்கு ஒரு பகுதி, போட்டோவுக்கு ஒரு பகுதி, தப்பா எழுதுனா திருத்திக்கலாம், மாடரேட்டர் அழிச்சிரலாம். புதுசா வந்த காலேஜ் புள்ளைங்க யாரையும் கேக்காமலே பழசெல்லாம் படிச்சாங்க, இது லிஸ்ட்டுல அவ்வளவு லேசுல நடக்காது. ஆனா போரத்துக்கு நாமதான் நடந்து போவணும். அண்ணாச்சி பாஸ்வேர்ட மறந்தாவ, மூணு தடவ மாத்திக் குடுத்தேன், அப்புறம் வரவே இல்ல. ஒவ்வொருத்தரா நின்னுட்டாவ. காலைல எந்திரிச்சுப் பாத்தா போலி அக்கவுண்ட் வரிசையா நிக்கும், அத அழிக்கவே நேரம் சரியா இருக்கும்.

2017ல நாங்க எடம் வாங்கியிருந்த ஹோஸ்டிங் கம்பெனியோட சர்வர் போச்சு, பேக்கப்பும் அதே சர்வர்லதான் இருந்திருக்கு. அஞ்சு வருசத்துக் குறிப்பு, எந்தக் குளத்துல எந்த மாசம் என்ன பறவைன்னு எழுதி வச்சதெல்லாம் போச்சு. 2007லருந்து 2012 வரைக்கும் உள்ளது மட்டும் அப்படியே கெடச்சிது, அது எல்லாரோட இன்பாக்ஸ்லயும் கெடந்ததால. யாகூவோட மெயிலிங் லிஸ்ட் சேவையான யாகூ குரூப்ஸ்ல 2019 டிசம்பர்ல பழைய பதிவுகள எடுத்தாங்க, 2020 டிசம்பர் 15ல மொத்தமா மூடுனாங்க, அப்பவும் மெயில்ல வாங்கி வச்சிருந்தவங்க கையில சொந்தக் காப்பி இருந்துச்சு.

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல மட்டும் 95 சென்டிமீட்டர். இங்க கரண்ட் இல்ல, டவர் இல்ல. எப்பமாவது ரெண்டு நிமிசம் சிக்னல் வரும், அதுக்குள்ள எந்தக் குளம் ஒடஞ்சிட்டு, எந்த ரோட்டுல போவ முடியாதுன்னு மெயில் எறங்கிரும், அப்புறம் ஆறஅமர படிக்கலாம், நாம எழுதுனது அவுட்பாக்ஸ்ல கெடந்து அடுத்த சிக்னலுக்குப் போயிரும். வாட்ஸப்பும் அப்படித்தான் வேல செஞ்சிது, இல்லன்னு சொல்லல, ஆனா அதுல வந்தது நானூறு செய்திக்கு அடில போயிட்டு, மெயில்ல வந்தத சப்ஜெக்ட வச்சு இன்னைக்கும் எடுக்க முடியுது.

இப்ப ஓட்டுறது மெயில்மேன் 3, மெயிலிங் லிஸ்ட் நடத்துற இலவச சாப்ட்வேர். அதோட ஹைப்பர்கிட்டி ஆர்க்கைவ், அதாவது பழைய மெயில் எல்லாம் இருக்க வெப் பக்கம், வருது, மெயில் பிடிக்காதவங்க பிரௌசர்லயே இழை இழையாப் படிச்சு அங்கனயே பதில் போடலாம், காலேஜ் புள்ளைங்க அப்படித்தான் பாக்காங்க. டிஸ்கோர்ஸ்ங்கிற போரம் சாப்ட்வேர்லயும் எல்லாப் பதிவும் மெயில்லயே வார மெயிலிங் லிஸ்ட் மோடு இருக்கு, போரந்தான் வேணும்னு நெனைக்கிறவங்க அதப் பாருங்க. மெயில்மேன் போடுறவங்க ஒண்ணு மறக்காம செய்யணும், டிமார்க்குக்காக, அதாவது போலி அனுப்புநரத் தடுக்குற மெயில் சோதனைக்காக, அனுப்புநர் முகவரிய மாத்துற செட்டிங்க ஆன் பண்ணணும், இல்லன்னா மெயில் பவுன்ஸ் ஆயி, அதாவது போய்ச் சேராம திரும்பி வந்து, உறுப்பினர்கள் தானா கழண்டுருவாங்க. போட்டோவுக்கு ஒரு எம்பிதான் அளவு, அதுக்கு மேலன்னா லிங்க் குடுக்கச் சொல்லிருக்கோம். பதில் லிஸ்ட்டுக்கே போற மாதிரிதான் திரும்ப வச்சிருக்கோம், தனிப்பட்ட விசயத்த போன்ல பேசுங்கன்னு ஒவ்வொரு மெயில் அடியிலயும் ஒரு வரி வருது.

மாசம் ஒண்ணாந்தேதி மொத்த ஆர்க்கைவையும் எம்பாக்ஸ் பைலா, அதாவது மெயில் எல்லாம் சேந்த ஒரே பைலா, எறக்கி மூணு எடத்துல வைக்கோம், பாளையங்கோட்டைல எங்க வீட்ல ஒண்ணு, களக்காட்டுல வாத்தியார் வீட்ல ஒண்ணு, துபாய்ல அந்தப் பையன்கிட்ட ஒண்ணு.