க்ளாக்கில் ஈயக் குண்டு: குழலை மாற்றுவதா, குண்டை மாற்றுவதா?

அமெரிக்காவில் வீட்டிலேயே ஈயத்தை உருக்கி, அச்சில் குண்டாக வார்த்து, அதை வைத்துத் தோட்டாவையும் தாங்களே தயாரித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். செப்பு உறை போட்ட குண்டைவிட இதில் செலவு குறைவு. கையில் இருப்பது க்ளாக் என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் கைத்துப்பாக்கி என்றால்தான் சிக்கல். ஈயக் குண்டு வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

1911 என்ற பழைய அமெரிக்க மாடல் போன்ற கைத்துப்பாக்கியின் குழலுக்குள் மேடும் பள்ளமும் கூரான விளிம்போடு புரியாக ஓடும். மேடு குண்டைக் கடித்துப் பிடித்துச் சுழற்றும். நான்காம் தலைமுறை வரையிலான க்ளாக்குகளில் அந்த விளிம்பு கிடையாது. 9 மி.மீ. குழல் அறுகோணம், .45 அங்குலக் குழல் எண்கோணம், மூலைகள் வழவழவென்று உருண்டிருக்கும். உறை போட்ட குண்டுக்கு அருமையான குழல். வெறும் ஈயமோ சரியான பிடி கிடைக்காமல் வழுக்கி, சுவரில் அப்பிக்கொள்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அப்பிய ஈயம் அடுத்த குண்டின் வழியைக் குறுக்கும், அழுத்தம் ஏறும். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர வரம்பே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதைத் தாண்டினால் பித்தளைக் கூடு கிழியலாம், துப்பாக்கியும் உடையலாம். .45க்கு வரம்பு 21,000தான், வேகமும் குறைவு. ஈயம் அவ்வளவு வதைபடாது.

பலகோணம் என்றாலே ஈயத்துக்கு ஆகாது என்றும் இல்லை. 1850களில் இங்கிலாந்தின் பொறியாளர் விட்வொர்த் செய்த அறுகோணத் துப்பாக்கி ஈயக் குண்டைத்தான் சுட்டது; குண்டையும் அறுகோணமாகவே வார்த்தார்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஈயத்தில் ஆன்டிமனி என்ற தனிமத்தையும் வெள்ளீயத்தையும் கூட்டிக் கெட்டியாக்கினால் போதும் என்பார்கள் சிலர். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கெட்டியான குண்டு குழலை அடைக்கிற அளவு விரியாவிட்டால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரிக்கும். கடினத்தைவிட அளவுதான் முக்கியம்: .355 அங்குலக் குழலுக்கு .356 அல்லது .357.

பெயின்ட் பவுடரைப் பூசி அடுப்பில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுடுவது இதைவிட நல்லது. பூச்சு முழுமையாக இருந்தால் ஈயம் குழலைத் தொடாது. அடுப்பிலிருந்து எடுத்த குண்டை அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள்; துணியில் நன்றாக நிறம் ஏறினால் அது சரியாக வேகவில்லை.

வெறும் ஈயம்தான் சுடுவேன் என்றால் என் தேர்வு மேடு-பள்ளப் புரி உள்ள மாற்றுக் குழல். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இத்தகைய குழல்களில் தோட்டா அறை பெரும்பாலும் இறுக்கமாக இருக்கும். க்ளாக்கில் தாராளமாக நுழைந்த தோட்டா இதில் பாதியில் நிற்கலாம். அதனால் குழலைக் கழற்றிக் கையில் வைத்து, தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். ‘டக்’கென்று உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானே விழ வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஈயம் சுட்டபின் உறை போட்ட குண்டு நாலைச் சுட்டால் குழல் சுத்தமாகிவிடும் என்று சொல்லக் கேட்டால் தயவுசெய்து செய்யாதீர்கள். குறுகிய வழியில் கெட்டியான குண்டை நெருக்கினால் அழுத்தம் இன்னும் ஏறும். வெண்கலப் பிரஷ்ஷால் தேய்த்து, குழலை வெளிச்சத்தில் பிடித்து, அறையை ஒட்டிய முதல் ஓர் அங்குலத்தைப் பாருங்கள். ஈயம் முதலில் சேர்வது பெரும்பாலும் அங்கேதான்.