ஹோஸ்ட் மாறியபின் முடங்கும் விஎம்: பிராசசர் வகையை மாற்றுவதா, உள்ளே சரிசெய்வதா, புதிதாக நிறுவுவதா?

சென்ற ஆண்டு ஒரு சிறிய அலுவலகத்தில், இன்டெல் 11-ஆம் தலைமுறைப் பிராசசரில் ஓடிக்கொண்டிருந்த ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்டின் (மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள் நிறுவிய கணினி) மதர்போர்டு பழுதானது. 12-ஆம் தலைமுறைப் பிராசசரையும் புதிய மதர்போர்டையும் வாங்கிப் பொருத்தி, ப்ராக்ஸ்மாக்ஸைப் புதிய எஸ்எஸ்டியில் நிறுவி, விஎம்களின் அமைப்புகளைக் கையால் மீண்டும் உருவாக்கிப் பழைய டிஸ்க்குகளை அவற்றோடு இணைத்தேன். இரண்டு விஎம்களும் முடங்கின. லினக்ஸ் விஎம் முழுதாக எழுந்தது. ஆனால் அதிலிருந்த கணக்கிடும் நிரலை ஓட்டிய சில நொடிகளில் அந்த நிரல் விழுந்தது. விண்டோஸ் விஎம் நீலத் திரையைத் தாண்டவே இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்பாக, முடக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேரம் காலமின்றி வெவ்வேறு விஎம்கள் விழுந்தால், சந்தேகம் முதலில் புதிய ரேம் மீதுதான் விழ வேண்டும். பயாஸில் ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓர் இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுவது, விஎம் அமைப்புகளை நாள் கணக்கில் நோண்டுவதைவிட மலிவானது. என் லினக்ஸ் விஎம்மில் கர்னல் பதிவு ஒவ்வொரு முறையும் அதே நிரலின் பெயரோடு ‘ட்ராப் இன்வேலிட் ஓப்கோடு’ என்றே சொன்னது. பிராசசருக்குத் தெரியாத கட்டளையை நிரல் கேட்கிறது என்பதே இதன் பொருள். புதிய பிராசசருக்குப் பழையதைவிடக் குறைவாகத் தெரியுமா என்று தோன்றலாம். ஆம், குறைவாகத் தெரியலாம்: 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் இருந்த, ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளை, 12-ஆம் தலைமுறையில் இன்டெல் முடக்கிவிட்டது.

முதல் வழி, பிராசசர் வகையை (விஎம்முக்கு எந்தப் பிராசசரைக் காட்டுவது என்ற அமைப்பை) ‘ஹோஸ்ட்’ என்றே வைத்திருப்பது. உண்மையான பிராசசரின் திறன்கள் ஏறத்தாழ அப்படியே விஎம்முக்குத் தெரியும். வேகமும் இதில்தான் அதிகம். இதன் விலை, வன்பொருள் மாறும் நாளில் விஎம் பார்க்கும் பிராசசரும் சத்தமில்லாமல் மாறிவிடுவது. முழுதாக நிறுத்தி எழுப்பினால் பெரும்பாலான நிரல்கள் தொடக்கத்திலேயே பிராசசரின் திறன்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிழைத்துக்கொள்ளும். ஆனால் ரேமையும் சேர்த்து எடுத்த பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து (விஎம்மின் அந்நேர நிலையைச் சேமித்த பதிவு) எழுப்பினால், ஏற்கெனவே கேட்டு முடித்த நிரல்கள் பழைய விடையை நம்பிக்கொண்டே ஓடி விழும். எனவே அத்தகைய ஸ்னாப்ஷாட்டுகளைப் புதிய ஹோஸ்ட்டுக்குக் கொண்டுவராமலிருப்பதே நல்லது.

இரண்டாவது, பல பிராசசர்களுக்கும் பொதுவான திறன்களை மட்டும் காட்டும் பொதுத்தளம் ஒன்றுக்கு இறங்குவது. ப்ராக்ஸ்மாக்ஸ் 8 முதல் புதிய விஎம்களுக்கு எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் (சுருக்கமாக வி2) இயல்பாக வருகிறது. அதற்கு முன் அதைவிடக் குறைந்த திறன்களைக் காட்டும் கேவிஎம்64 இருந்தது. நானும் முதலில் வி2-க்குத்தான் இறக்கினேன்; நிரல் அப்போதும் அதே இடத்தில் விழுந்தது. காரணம் பிறகே உறைத்தது. பழைய ஹோஸ்ட்டில் ‘ஹோஸ்ட்’ வகையில் ஓடியபோது, அந்த நிரலை அதே விஎம்முக்குள் ‘மார்ச்=நேட்டிவ்’ (இந்தப் பிராசசருக்கே ஏற்றபடி) என்று கொடுத்துத் தொகுத்திருந்தார்கள். ஏவிஎக்ஸ்-512 கட்டளைகள் பைனரியிலேயே, அதாவது தொகுத்த நிரல் கோப்பிலேயே, பதிந்துவிட்டன. அது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பொதுத்தளம் வருமுன் காக்கும் ஏற்பாடு. முன்பே தொகுத்துவிட்ட பைனரியை அது காப்பாற்றாது. அளவுக்கு மீறி இறங்குவதும் ஆபத்து. கேவிஎம்64-இல் ரெட்ஹேட் 9 போன்ற வி2 கேட்கும் அமைப்பை எழுப்பினால் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி பிழை சொல்லிக் கர்னல் பேனிக்கில் நிற்கும், மாங்கோடிபி 5.0 தரவுத்தளம் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாது, அதற்கு வி2-வும் போதாது.

மூன்றாவது, ஸ்கைலேக் போன்ற பிராசசர் தலைமுறைப் பெயரைக் குறிப்பிடுவது. இதில் எனக்குப் பிடித்தது, கேட்ட திறன் ஹோஸ்ட்டில் இல்லையென்றால் ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்மைத் தொடங்கவே மறுத்துவிடும் என்பது. நடுவழியில் விழுவதைவிட வாசலிலேயே நிற்பது மேல். பிடிக்காதது, பெயர்களின் நுணுக்கம். டிஎஸ்எக்ஸ் வசதி நீக்கப்பட்ட புதிய இன்டெல் பிராசசரில் வெறும் ‘ஸ்கைலேக்-கிளையன்ட்’ மறுக்கப்படும். ‘நோ-டிஎஸ்எக்ஸ்’ என்று முடியும் வகையைத் தேட வேண்டும். விஎம் ஓட்டும் பிற மென்பொருள்களான விஎம்வேரின் ஈவிசி, ஹைப்பர்-வியின் பிராசசர் இணக்க வசதி ஆகியவற்றின் நோக்கமும் விஎம்முக்குக் காட்டும் திறன்களை இப்படிக் கட்டுப்படுத்துவதே. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பிராசசர்களுக்குள் மட்டுமே உதவும், இன்டெலிலிருந்து ஏஎம்டிக்குத் தாண்டாது.

புதிதாக நிறுவித் தரவை மட்டும் மீட்பது நான்காவது வழி. விண்டோஸ் நீலத் திரை வந்தவுடன் பலர் இதற்குத்தான் தாவுகிறார்கள், பெரும்பாலும் தேவையில்லை. என் திரையில் வந்தது ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’, அதாவது எழுப்பும் டிஸ்க்கை அணுக முடியவில்லை. அதற்கும் பிராசசருக்கும் தொடர்பே இல்லை. பழைய அமைப்பில் டிஸ்க் சாட்டா இணைப்பில் இருந்தது. புதிய அமைப்பை எழுதும்போது விர்ட்ஐஓ ஸ்கசி (விஎம்களுக்கான மெய்நிகர் டிஸ்க் இணைப்பு) என்று நானே மாற்றிவிட்டேன், அதற்கான டிரைவர் உள்ளே இல்லை. டிஸ்க்கைச் சாட்டாவுக்கே திருப்பியதும் விண்டோஸ் எழுந்தது. பிறகு விர்ட்ஐஓ ஸ்கசியில் 1 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, டிரைவரை நிறுவி, விஎம்மை நிறுத்திவிட்டு முதன்மை டிஸ்க்கை மாற்றினேன். அரை மணி நேர வேலை. யூஈஎஃப்ஐ முறையில் நிறுவிய டிஸ்க்கைப் பழைய பயாஸ் முறையான சீபயாஸில் எழுப்ப முயல்வதும் இதே வகைத் தவறுதான்.

ஒரே ஹோஸ்ட், லினக்ஸ் விஎம்கள் மட்டும் என்றால் ‘ஹோஸ்ட்’ வகையையே நான் வைப்பேன். இரண்டு ஹோஸ்ட்டுகள் இருந்தாலோ, அடுத்த ஆண்டு வன்பொருள் மாறும் என்று தெரிந்தாலோ, அவற்றில் மிகப் பழையதற்கு எட்டும் தளத்தை எல்லா விஎம்களுக்கும் வைப்பேன். விண்டோஸுக்கு ‘ஹோஸ்ட்’ வகையைத் தவிர்க்கிறேன். அதில் மெய்நிகராக்கப் பாதுகாப்பு வசதிகள் விழித்துக்கொண்டு விஎம் மந்தமாவதுண்டு. அந்த அலுவலகத்தின் லினக்ஸ் விஎம்மை ஏவிஎக்ஸ்2 உள்ள, வி2-க்கு அடுத்த தளமான வி3-க்கு மாற்றி, நிரலை அதற்குள்ளேயே மீண்டும் தொகுத்தேன். இம்முறை ‘நேட்டிவ்’ என்பது வி3 காட்டியதை மட்டுமே பார்த்தது, நிரல் விழவில்லை.