பதினொரு பவுண் வொட்கா: வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்

லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரும் இடமும் சொல்லப்போவதில்லை. இதே வியாபாரம் செய்கிற கடை உங்கள் தெருமுனையிலும் இருக்கலாம்.

2023 நவம்பர், மகளின் பிறந்தநாள். வீட்டில் இருபது பேர். பத்து வருடமாகக் கருவேப்பிலை, முருங்கைக்காய் வாங்கும் கடைக்குப் போனேன், மதுவும் விற்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த வொட்கா, 70 சென்ரிலீற்றர் போத்தல், அப்போது பெரிய கடைகளில் பதினாறு பதினேழு பவுண் போனது. கடைக்கார அண்ணை கல்லாவுக்குக் கீழே குனிந்து இரண்டை எடுத்து வைத்து, "உங்களுக்குப் பதினொண்டு" என்றார். நான் ரிசீட் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

மச்சான் மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். நகப்பூச்சு அழிக்கிற தண்ணியின் மணம். ஆனாலும் மனுசன் சும்மா விடுவாரா, ஒரு பெக் அடித்துப் பார்த்தார். நெஞ்சு முழுக்க எரிந்ததாம். மறுநாள் மத்தியானம் வரை தலை தூக்கவில்லை. வேறு யாருக்கும் ஊற்றாமல் விட்டது எங்கள் நல்ல காலம்.

அப்புறம்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றின் லேபிள் சரிந்து ஒட்டியிருந்தது. இரண்டிலும் தொகுதி எண் இல்லை. பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிற நண்பர் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வரி கட்டிய போத்தலில் ஒரு முத்திரை இருக்கும், அந்த வெளிச்சத்தில் ஒளிரவேண்டும். எங்களுடையது கடதாசி மாதிரிக் கிடந்தது. (2025 மே 1 முதல் அந்த முத்திரை முறையையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே புதுப் போத்தல்களில் அதைத் தேடிப் பயனில்லை.)

ஆத்திரத்தில் திறந்த போத்தலை சிங்கில் கவிழ்த்தேன். அது முட்டாள்தனம். இருந்த ஒரே சாட்சியில் பாதியை நானே ஊற்றிவிட்டேன்.

இப்போது கணக்கு. அந்த நேரத்தில் 37.5 சதவீத வொட்கா 70 சென்ரிலீற்றருக்கு மதுவரி மட்டும் 8 பவுண் 31 பென்ஸ். பதினொரு பவுணில் வற் வரி 1 பவுண் 83 பென்ஸ். இரண்டையும் கழித்தால் மிச்சம் 86 பென்ஸ். அந்த 86 பென்ஸுக்குள் வொட்கா, கண்ணாடிப் போத்தல், லொறிக் கூலி, கம்பனி லாபம், அண்ணையின் லாபம் எல்லாம் அடங்கவேண்டும். பத்து வருடப் பழக்கத்தில் இந்தக் கணக்கு என் மண்டையில் ஏறவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "கேஷ் அண்ட் கேரியில் எடுத்தது தம்பி" என்றார், அதாவது மொத்த விற்பனைக் கடையில். பில்லைக் காட்டச் சொன்னேன். இருபத்திரண்டு பவுணை எடுத்து மேசையில் வைத்தார்.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் எண்ணுக்குப் போன் செய்தேன். அவர்கள் விஷயத்தை, கடை வியாபாரத்தைக் கண்காணிக்கிற கவுன்சில் பிரிவான ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்பினார்கள். அதிகாரி வந்து திறக்காத போத்தலை வாங்கிப்போனார். பரிசோதனையில் ஐசோபுரோப்பனோல் இருந்தது. கைக்குப் பூசும் கிருமிநாசினியில் இருக்கிற சாமான். கடையைச் சோதித்தபோது இன்னும் பல போத்தல்கள் அகப்பட்டனவாம்.

சில மாதம் கழித்துக் கடைக் கதவில் வெளிர்நீலக் கடதாசி ஒட்டியிருந்தது. கடையின் மது லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸே கவுன்சிலிடம் கேட்டிருந்தது. 2003 லைசென்சிங் சட்டப்படி அந்த அறிவிப்பு 28 நாள் தொங்கவேண்டும். அதற்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நானும் எழுதினேன். ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்: அந்தக் கடிதம் உங்கள் பெயரோடு கடைக்காரர் கைக்கும் போகும். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. உடனே போன்கள். "எங்கட ஆளை நீங்களே காட்டிக் குடுக்கிறதா?" என்று கோயில் வாசலில் ஒருவர் மறித்தும் கேட்டார். மச்சானுக்கு எரிந்த நெஞ்சு எங்கட ஆளினது இல்லையாக்கும்.

விசாரணை மூன்று கவுன்சிலர்கள் முன்னால். அதற்கு முதல் கிழமை லைசென்ஸை மனைவி பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருந்தார்கள். இது பழைய வித்தை; கவுன்சிலர்கள் அசையவில்லை. பிறகு கதை மாறியது: வெள்ளை வானில் யாரோ வந்தான், காசுக்கு வாங்கினோம், பில் இல்லை. 2017 ஏப்ரல் முதல் பதிவுபெற்ற மொத்த வியாபாரியிடம் மட்டுமே கடைக்காரர் மது வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியாதாம். கவுன்சிலர்கள் லைசென்ஸுக்கு நிபந்தனை கூட்டலாம், மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கலாம், ரத்தே செய்யலாம். கடத்தல் மது விற்ற கடை என்றால் முதல் தடவையே ரத்தை யோசிக்கும்படி அரசின் வழிகாட்டல் சொல்கிறது. ரத்துச் செய்தார்கள்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 21 நாளுக்குள் மஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அப்பீல் போட்டால், அது தீரும்வரை ரத்து நடைமுறைக்கு வராது. அத்தனை மாதமும் அதே தட்டில் வொட்கா நின்றது. கதவில் நீலக் கடதாசியும் இல்லை. அந்த நாட்களில் உள்ளே போனவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? அதனால், கடை திறந்திருக்கிறது என்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள். உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் லைசென்ஸ் விசாரணைகளின் தீர்ப்புகள் இருக்கும், தேடிப் பாருங்கள். சந்தேகப் போத்தலை ஊற்றாமல், மூடி வைத்து அறிவியுங்கள்.

அப்பீலிலும் அவர் தோற்றார். இப்போது மரக்கறியும் அரிசியும் மட்டும் விற்கிறார். போன மாதம் பஸ் தரிப்பில் கண்டேன். முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன், கிட்ட வந்தார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே மனவருத்தத்தோடு கேட்டார்:

"தம்பி, மற்ற ஆக்களுக்குப் பதின்மூண்டுக்கு வித்தனான். உங்களுக்கெண்டுதானே பதினொண்டுக்குத் தந்தனான்?"